ரயில் நிற்கும் இடத்தில் கார்: ஸ்காட்லாந்து மலைநாட்டுக்கு ஒரு குறும்பயணத் திட்டம்

ரயிலும் வாடகைக் காரும் சேர்ந்த ஒரு பயணத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நான் அப்படித் தொடங்குவதில்லை. ரயிலை விட்டு இறங்கிக் காரில் ஏறும் ஊர் எது, காரை ஒப்படைத்துவிட்டு மறுபடியும் ரயில் ஏறும் ஊர் எது, அந்த இரண்டும் எந்தக் கிழமையில், எந்த நேரத்தில் நடக்கப்போகின்றன என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து இரு பக்கமும் திட்டத்தை நீட்டிக்கொண்டு போவதே என் வழக்கம். இடங்கள் எங்கும் ஓடிப்போவதில்லை. வாடகைக் கார் அலுவலகத்தின் கதவுதான் சனிக்கிழமை நண்பகலில் சாத்தப்பட்டுவிடும்.

லண்டனில் உறவினர் வீட்டு விசேஷம் ஒன்று முடிந்த பிறகு, ஊர் திரும்புவதற்குள் ஒரு வாரத்துக்கும் குறைவான நாட்கள் கையில் மிஞ்சின. நானும் என் மனைவியும், அக்காவும் அத்தானும் என நான்கு பேர் ஸ்காட்லாந்தின் மலைநாட்டுக்கும் ஸ்கை தீவுக்கும் போய்வருவது என்று தீர்மானித்தோம். அதே வழியில் போக நினைப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று, அந்தத் திட்டம் எப்படி உருவானது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில், லண்டனிலிருந்தே காரை எடுத்துக்கொண்டு போனால் என்ன என்ற கேள்வி எழும். லண்டனுக்கும் மலைநாட்டின் தலைநகர் என்று சொல்லப்படும் இன்வர்னஸுக்கும் இடையே சாலை வழியாக ஏறத்தாழ 900 கிலோமீட்டர் இருக்கிறது. அந்தத் தூரத்தின் பெரும்பகுதி நெடுஞ்சாலை. ஓட்டுகிறவருக்கு முன்னால் போகும் லாரியின் பின்பக்கத்தைத் தவிர வேறு காட்சி எதுவும் கிடைக்காது. குறுகிய விடுமுறையில் அதற்காகப் போகவர இரண்டு முழு நாட்களைச் செலவழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மறுபக்கம், ரயிலை மட்டுமே நம்பியும் போக முடியாது. ஸ்கை தீவில் ரயில் பாதையே கிடையாது, பேருந்துகளும் குறைவு. எனவே நீண்ட தூரத்துக்கு ரயில், தண்டவாளம் போகாத நிலப்பகுதிக்கு மட்டும் கார் என்பதே இந்தப் பயணத்துக்குப் பொருத்தமான ஏற்பாடு.

அடுத்தது, காரை எந்த ஊரில் எடுப்பது என்பது. இதில்தான் நாங்கள் அதிக நேரம் செலவழித்தோம். ஸ்காட்லாந்தின் மேற்குப் பக்கத்தில், கிளாஸ்கோவிலிருந்து ஃபோர்ட் வில்லியம் வழியாக மாலெய்க் துறைமுகம் வரை போகும் வெஸ்ட் ஹைலேண்ட் பாதை உலகின் அழகான ரயில் பாதைகளில் ஒன்று என்று பேர் பெற்றது. இயல்பாகவே, அந்தப் பாதையில் போய் ஃபோர்ட் வில்லியமில் இறங்கி அங்கே காரை எடுக்கலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அது சிறிய ஊர். வாடகைக் கார்களின் எண்ணிக்கையும் குறைவு. கோடைக்காலத்தில் நமக்குத் தேவையான அளவில் ஒரு கார் கிடைப்பது உறுதியில்லை. அங்கே எடுத்து இன்வர்னஸிலோ எடின்பரோவிலோ விட வேண்டுமென்றால், ஓரிடத்தில் எடுத்து வேறிடத்தில் விடுவதற்கென்று தனியாக ஒரு கட்டணம் சேரும், சில நிறுவனங்கள் அதற்குச் சம்மதிக்கவே மாட்டா. இன்வர்னஸில் நிலைமை வேறு. அது ஓரளவு பெரிய ஊர், ரயில் நிலையம் ஊரின் நடுவிலேயே இருக்கிறது, விமான நிலையமும் அருகில் இருப்பதால் கார்களுக்குப் பஞ்சமில்லை. அந்த விமான நிலையத்துக்கு 2023-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தனி ரயில் நிலையமும் வந்துவிட்டது. ஆகவே எடுப்பதும் இன்வர்னஸில், விடுவதும் இன்வர்னஸில், நடுவில் ஒரு வட்டம் என்று முடிவானது. வெஸ்ட் ஹைலேண்ட் பாதையை எப்படி உள்ளே கொண்டுவருவது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஊர் முடிவானதும் நேரம். லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து இன்வர்னஸுக்கு நேரடியாகப் போகும் பகல்நேர ரயில் நாளுக்கு ஒன்றுதான். அது நண்பகலில் புறப்பட்டு ஏறத்தாழ 8 மணி நேரத்தில் போய்ச் சேரும். பகலில் போவதால் வழியெல்லாம் பார்த்துக்கொண்டே போகலாம் என்பது உண்மைதான். ஆனால் இரவு எட்டு மணிக்கு இறங்கினால் கார் அலுவலகம் மூடியிருக்கும். அன்று அங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்கித்தான் ஆக வேண்டும். லண்டன் யூஸ்டன் நிலையத்திலிருந்து இரவு ஒன்பது மணியளவில் புறப்படும் கேலடோனியன் ஸ்லீப்பர் என்ற படுக்கை ரயிலோ, மறுநாள் காலை ஒன்பது மணிக்கு முன்பாகவே இன்வர்னஸில் இறக்கிவிடுகிறது. இறங்கி, முகம் கழுவி, காலை உணவை முடித்துக்கொண்டு நடந்தால் அலுவலகம் திறந்திருக்கும். படுக்கை ரயிலின் கட்டணம் பார்த்ததும் மலைக்க வைக்கும்; அதிலிருந்து ஓர் இரவுக்கான விடுதி வாடகையையும், மிச்சமாகும் ஒரு பகலின் மதிப்பையும் கழித்துப் பார்த்த பிறகே அதை அதிகம் என்றோ குறைவு என்றோ சொல்ல வேண்டும். எங்கள் கணக்கில் அது நியாயமாகவே இருந்தது.

இந்த ரயில் சனிக்கிழமை இரவுகளில் ஓடாது. ஊருக்குள் இருக்கும் வாடகைக் கார் அலுவலகங்கள் பலவும் சனிக்கிழமை அரை நாளோடு சரி, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. விமான நிலையத்தில் இருப்பவை வார இறுதியிலும் திறந்திருக்கும் என்றாலும், அங்கே போய்வரும் அலைச்சலைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தபோது, ஞாயிற்றுக்கிழமை இரவு லண்டனில் ரயில் ஏறி, திங்கட்கிழமை காலையில் காரை எடுத்து, வெள்ளிக்கிழமை காலையில் திருப்பிக் கொடுப்பதுதான் எல்லாக் கதவுகளும் திறந்திருக்கும் ஒரே வழியாக நின்றது. கார் வாடகையை 24 மணி நேரத்தை ஒரு நாளாக வைத்துக் கணக்கிடுகிறார்கள். திங்கள் காலை ஒன்பதரைக்கு எடுத்து வெள்ளி காலை பதினொன்றுக்குக் கொடுத்தால் இன்னொரு நாள் வாடகை கேட்கக்கூடும். எனவே நாங்கள் எடுக்கும் நேரத்தையே பதினொன்று என்று பதிவு செய்தோம். இன்வர்னஸில் இறங்கியதும் ஆற்றங்கரையில் ஒரு நடை போகவும் நேரம் கிடைத்தது.

முன்பதிவுகளை எந்த வரிசையில் செய்வது என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. பலரும் ரயில் டிக்கெட்டை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு விடுதி தேடுகிறார்கள். ஸ்கை தீவைப் பொறுத்தவரை இது தலைகீழ். மே முதல் செப்டம்பர் வரை தீவின் முக்கிய ஊரான போர்ட்ரீயில் தங்குமிடங்கள் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். ஆகவே முதலில் ஸ்கையில் அறைகள், அடுத்து கார், மூன்றாவதாகப் படுக்கை ரயில், மற்றவை எல்லாம் பிறகு. விடுதியும் காரும் பெரும்பாலும் குறிப்பிட்ட தேதி வரை கட்டணமின்றி ரத்து செய்யக்கூடியவை. மலிவான ரயில் டிக்கெட்டுகள் அப்படியல்ல. வளையக்கூடியதை முதலில் பிடித்து வைத்துவிட்டு, வளையாததைக் கடைசியில் வாங்குவதுதான் பணத்துக்குப் பாதுகாப்பு.

படுக்கை ரயிலைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது அதிகமில்லை. நம் ஊரைப் போல நீளமான பெட்டியில் எல்லோரும் சேர்ந்து படுப்பது இங்கே கிடையாது. மேலும் கீழுமாக இரண்டு படுக்கைகள் கொண்ட சிறு அறைகள்தான், அவற்றில் சிலவற்றுக்கு உள்ளேயே கழிப்பறையும் குளியலறையும் உண்டு. படுக்கை வேண்டாதவர்களுக்கு இருக்கைப் பெட்டியும் இருக்கிறது. லண்டனிலிருந்து ஒரே ரயிலாகப் புறப்படுவது விடியலுக்கு முன்பு எடின்பரோவில் மூன்றாகப் பிரிந்து, ஒரு பகுதி அபர்டீனுக்கும் ஒரு பகுதி ஃபோர்ட் வில்லியமுக்கும் ஒரு பகுதி இன்வர்னஸுக்கும் போகிறது. டிக்கெட்டில் குறித்திருக்கும் பெட்டியில் படுத்துக்கொண்டால் கவலையில்லை. பெரிய சூட்கேஸ்களை அந்த அறைக்குள் கொண்டுபோனால் கால் வைக்க இடமிருக்காது. இரவுக்குத் தேவையானதை ஒரு சிறு பையில் தனியாக எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. கோடையில் சீக்கிரமே விடிந்துவிடுவதால், பெர்த் நகரைத் தாண்டியதும் எழுந்து ஜன்னல் திரையைத் தூக்கிவிட வேண்டும். பிரிட்டனின் பிரதான ரயில் பாதைகளில் மிக உயரமான இடமான ட்ரம்மாக்டர் கணவாய், 452 மீட்டர் உயரத்தில், அந்தக் காலை வெளிச்சத்தில்தான் வரும். மரமே இல்லாத பழுப்பு மலைகளும், தண்டவாளத்தின் அருகே வரை வந்து நிற்கும் மான்களும் அங்கே கண்ணில் படலாம்.

இனி கார். பிரிட்டனில் நம்மைப் போலவே சாலையின் இடதுபக்கம் ஓட்டுகிறார்கள், ஸ்டியரிங்கும் வலதுபக்கம்தான் இருக்கும் என்பது நமக்குப் பெரிய வசதி. இந்திய ஓட்டுநர் உரிமம் செல்லுபடியாக இருந்தால், சுற்றுலாப் பயணியாக வருகிறவர் 12 மாதங்கள் வரை அதைக் கொண்டே ஓட்டலாம். ஆனால் சட்டம் வேறு, வாடகை நிறுவனத்தின் நிபந்தனை வேறு. சில நிறுவனங்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் சேர்த்துக் கேட்கின்றன. அதை நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் புறப்படுவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும். வயது வரம்பும், உரிமம் வாங்கி எத்தனை காலம் ஆகியிருக்க வேண்டும் என்பதும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். டெபாசிட்டுக்கான கிரெடிட் கார்டு, ஓட்டுகிறவர் பெயரிலேயே இருக்க வேண்டும் என்பதில் அநேகமாக எல்லோரும் கண்டிப்பாக இருக்கிறார்கள். அத்தானும் ஓட்டுவதாக இருந்ததால் அவர் பெயரையும் ஒப்பந்தத்தில் சேர்த்து, அதற்கான கூடுதல் கட்டணத்தையும் கட்டினோம். பெயர் சேராதவர் ஸ்டியரிங்கைத் தொட்டால் காப்பீடு செல்லாது. இதில் ‘ஐந்து நிமிடம்தானே’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

காப்பீடு என்பது பலரும் படிக்காமல் கையெழுத்துப் போடும் பகுதி. வாடகையோடு வரும் அடிப்படைக் காப்பீட்டில் எக்ஸஸ் என்று ஒரு தொகை இருக்கும். காருக்குச் சேதம் ஏற்பட்டால் அந்தத் தொகை வரை நம் கையிலிருந்துதான் போகும், அது பெரும்பாலும் 1000 பவுண்டைத் தாண்டும். டயர், கண்ணாடி, காரின் அடிப்பாகம் ஆகியவை அடிப்படைக் காப்பீட்டில் சேராமல் போவதும் சாதாரணம். குறுகலான, ஓரங்கள் உடைந்த மலைநாட்டுச் சாலைகளில் முதலில் அடிபடுபவை இவைதான் என்பதை நினைவில் வைக்க வேண்டும். கவுன்ட்டரில் விற்கப்படும் முழுப் பாதுகாப்பை வாங்கலாம், அல்லது அந்த எக்ஸஸை மட்டும் ஈடுசெய்யும் தனிக் காப்பீட்டை வெளியில் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளலாம். இரண்டாவது பெரும்பாலும் மலிவு. ஆனால் ஏதாவது நேர்ந்தால் முதலில் நாம் கட்டிவிட்டுப் பிறகுதான் திரும்பப் பெற வேண்டும் என்பதால், கிரெடிட் கார்டில் அந்த அளவுக்கு இடமிருக்க வேண்டும். நான் இரண்டாவதையே எடுத்தேன்.

காரை வாங்கும்போது அவசரப்படக் கூடாது. எங்களுக்குக் கிடைத்தது கியர் வண்டி. ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் வாடகையும் அதிகம், முன்கூட்டியே சொல்லியும் வைக்க வேண்டும். வண்டியைச் சுற்றி நடந்து, நான்கு சக்கரங்களின் விளிம்புகளையும், முன் பம்பரின் கீழ் ஓரத்தையும், பின் கதவு கைப்பிடியைச் சுற்றியிருந்த நகக்கீறல்களையும் ஒவ்வொன்றாகப் படம் எடுத்தேன். கடைசியாக டாஷ்போர்டில் பெட்ரோல் அளவும் ஓடிய மைலும் ஒரே படத்தில் தெரியும்படி ஒன்று. அக்காவும் என் மனைவியும் அதற்குள் டிக்கியில் பெட்டிகளை ஏற்றி இறக்கி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்கள். நான்கு பேருக்கு நான்கு பெரிய சூட்கேஸ் என்பது நடுத்தர அளவுக் காரில் நடக்காத காரியம். இரண்டை லண்டனில் உறவினர் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தது நல்லதாயிற்று. பெட்ரோல் மூடிக்குள் எந்த எரிபொருள் என்று எழுதியிருக்கும்; அதையும் ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அங்கே பங்கில் நாமேதான் நிரப்ப வேண்டும். பச்சைக் கைப்பிடி பெட்ரோல், கறுப்புக் கைப்பிடி டீசல்.

இன்வர்னஸிலிருந்து போர்ட்ரீ வரை ஏறத்தாழ 185 கிலோமீட்டர். நிற்காமல் ஓட்டினாலே மூன்று மணி நேரம் பிடிக்கும், நிற்காமல் ஓட்டுவதும் சாத்தியமில்லை. முதலில் ஏ82 சாலை நெஸ் ஏரியின் மேற்குக் கரையை ஒட்டியே போகிறது. அந்த ஏரியில் வாழ்வதாகக் கதை சொல்லும் ராட்சத விலங்கு இருக்கிறதோ இல்லையோ, இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் உள்ள ஏரிகளின் மொத்தத் தண்ணீரையும் சேர்த்தாலும் இந்த ஒரே ஏரியில் இருப்பதற்கு ஈடாகாது என்பதே எனக்குப் போதுமான அதிசயமாக இருந்தது. இன்வர்மாரிஸ்டனில் வலதுபக்கம் திரும்பி மலைக்குள் நுழைந்தால் க்ளூனி ஏரி, க்ளென் ஷீல் பள்ளத்தாக்கு, நீருக்குள் நிற்கும் ஐலன் டோனன் கோட்டை என்று வரிசையாக வரும். பிறகு 1995-இல் திறக்கப்பட்ட பாலத்தைக் கடந்தால் ஸ்கை தீவு. அந்தப் பாலத்துக்குத் தொடக்கத்தில் சுங்கம் வசூலித்தார்கள். உள்ளூர் மக்கள் பல ஆண்டுகள் எதிர்த்துப் போராடியதன் பின் 2004 டிசம்பரில் அது நீக்கப்பட்டது.

தீவுக்குள் போனதும் ஓட்டும் முறையே மாறிவிடுகிறது. முக்கியச் சாலைகளைத் தவிர்த்த பல சாலைகள் ஒரே ஒரு வண்டி போகும் அகலம் கொண்டவை. இடையிடையே சாலை ஒரு பக்கம் சற்றுப் புடைத்து, அங்கே ‘பாஸிங் பிளேஸ்’ என்று எழுதிய வெள்ளைப் பலகை நிற்கும். எதிரில் வண்டி வந்தால், அந்த ஒதுங்குமிடம் நம் இடதுபக்கம் இருந்தால் நாம் அதற்குள் ஒதுங்க வேண்டும். வலதுபக்கம் இருந்தால் குறுக்கே போய் ஒதுங்கக் கூடாது. அதற்கு நேராகச் சாலையிலேயே நின்று, எதிரில் வருகிறவர் அதற்குள் புகுந்து நம்மைத் தாண்டிப் போக விட வேண்டும். பின்னால் வருகிறவர் அவசரத்தில் இருந்தால் அவரைப் போக விடவும் இதே இடம்தான். படம் எடுப்பதற்காக அங்கே வண்டியை நிறுத்திவிட்டு இறங்குவதை உள்ளூர்க்காரர்கள் கொஞ்சமும் பொறுத்துக்கொள்வதில்லை, அவர்கள் பக்கம்தான் நியாயமும் இருக்கிறது. ஒவ்வொரு முறை வழிவிடும்போதும் இருவரும் ஸ்டியரிங்கிலிருந்து விரல்களைத் தூக்கி நன்றி தெரிவிக்கிறார்கள். அரை நாளில் அத்தான் அதில் தேர்ந்துவிட்டார், எதிரில் நின்ற ஆடுகளுக்கும் சேர்த்தே விரல் தூக்கினார்.

இந்தச் சாலைகளால் திட்டத்துக்கு வரும் விளைவு ஒன்று உண்டு. இத்தகைய சாலைகளில் மேப் செயலி காட்டும் நேரத்தை நான் நம்புவதில்லை; அதோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்வேன். சட்டப்படியான வேக வரம்பு மணிக்கு 60 மைல், அதாவது ஏறத்தாழ 97 கிலோமீட்டர் என்று இருந்தாலும், அந்தச் சாலைகளில் அந்த வேகத்தில் போவது மடத்தனம். பலகைகளில் தூரமும் வேகமும் மைலில்தான் இருக்கும் என்பதால், முதல் நாள் முழுக்க மனக்கணக்குப் போட்டுக்கொண்டே இருக்க நேர்ந்தது. செல்போன் சிக்னல் பல பள்ளத்தாக்குகளில் கிடையாது. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். சிறு ஊர்களின் பெட்ரோல் பங்குகள் மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் மூடியிருக்கலாம் என்பதால், பாதித் தொட்டிக்குக் கீழே இறங்க விடாமல் நிரப்பிக்கொண்டே போவது நல்லது. மது விஷயத்தில் ஸ்காட்லாந்தின் சட்டம் இங்கிலாந்தைவிடக் கடுமையானது. 2014 டிசம்பரிலிருந்து 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம்தான் வரம்பு, இங்கிலாந்தில் 80. விஸ்கி ஆலையைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் யார் ஓட்டுவது என்பதைக் காலையிலேயே பேசி வைத்துக்கொள்ளட்டும்.

ஸ்கையில் ஒரு முழு நாளும் அதன் முன்னும் பின்னும் அரை அரை நாளும்தான் எங்களிடம் இருந்தன. அதற்குள் தீவு முழுவதையும் பார்த்துவிட முயல்வது வீண். வடக்கே ட்ராட்டர்னிஷ் தீபகற்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, ஓல்டு மேன் ஆஃப் ஸ்டோர் என்ற பாறைத்தூண், நிலச்சரிவால் உருவான குவிரெய்ங் மலைச்சரிவு, மேற்குக் கரையில் யூய்க் துறைமுகம் என்று ஒரு வட்டம் அடித்தோம். ஸ்டோரின் வண்டி நிறுத்துமிடம் காலை பத்து மணிக்கெல்லாம் நிரம்பிவிடுவதாகக் கேள்விப்பட்டு, கூட்டம் குறையும் மாலையில்தான் அங்கே போனோம். ஜூன் மாதத்தில் சூரியன் மறைய இரவு பத்து மணிக்கு மேலாகிவிடும் என்பதால் இது சாத்தியமாயிற்று. டிசம்பரில் பகல் வெளிச்சம் 7 மணி நேரம்கூட இருக்காது. குளிர்காலத்தில் போகிறவர்கள் இந்தத் திட்டத்தை ஏறத்தாழ பாதியாக வெட்டிக்கொள்ள வேண்டும். கோடைக்கு உரிய தொல்லை மிட்ஜ் என்ற பொடிக் கொசு. காற்றில்லாத மாலையில் அது கூட்டமாக வந்து மொய்க்கும். கொசு விரட்டி கையில் இருக்கட்டும்.

இனி, வெஸ்ட் ஹைலேண்ட் பாதைக்கு வருகிறேன். ஸ்கையின் தெற்குப் பகுதியில் இருக்கும் ஆர்மடேலிலிருந்து மாலெய்க் துறைமுகத்துக்குக் கார்களை ஏற்றிச் செல்லும் கப்பல் இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் அக்கரை. அங்கிருந்து ஏ830 சாலை ரயில் பாதையை ஒட்டியே ஃபோர்ட் வில்லியமுக்குப் போகிறது. வரைபடத்தில் பார்த்தால் இதுதான் அழகான வட்டம். அக்கா இதைத்தான் பிடித்துக்கொண்டார்.

“ஏன்டா, காரைக் கப்பல்லயே ஏத்திட்டுப் போயிடலாம்ல? பாலத்துல சுத்திட்டுப் போயி, அப்புறம் அதே மாலெய்க்குக்கு ரயில்ல வேற போகணுமா?”

“கப்பல்ல போனா நான் சாலையைத்தான் பாப்பேன்க்கா, க்ளென்ஃபின்னன் ரயில் பாலத்தைப் பாக்க முடியாது. ரயில்ல போனா நாலு பேரும் பாக்கலாம்.”

என் வாதம் இதுதான். கப்பலில் கார் இடம் குறைவு. காற்று பலமாக இருந்தால் கப்பலே ரத்தாகிவிடும், அப்போது ஸ்கை பாலத்துக்குத் திரும்பி வந்து மலைச்சாலையில் சுற்றிக்கொண்டு போவதற்குள் மாலையாகிவிடும். வாடகைக் காரைக் கப்பலில் ஏற்ற நிறுவனத்தின் அனுமதியும் வேண்டும். அதைவிட, புதன்கிழமை பாலத்தைக் கடந்து இன்வர்கேரி வழியாக ஃபோர்ட் வில்லியம் போய் அங்கே தங்கிவிட்டு, வியாழக்கிழமை காரை விடுதியிலேயே நிறுத்திவிட்டு, மாலெய்க்குக்கு ரயிலில் போய் ரயிலில் திரும்பினால், ஓட்டுகிறவருக்கும் ஒரு நாள் ஓய்வு, காட்சியும் முழுமையாகக் கிடைக்கும். ஒரு நாள் வாடகை கட்டிய கார் சும்மா நிற்கிறதே என்று அத்தானுக்கு வருத்தம்தான். ஆனால் ஒருவழிக் கட்டணத்தையும், ஃபோர்ட் வில்லியமில் கார் தேடும் அலைச்சலையும் இந்த ஏற்பாடு ஒன்றாகத் தீர்த்துவிடுகிறது. ஜூன் மாதத்துப் புதன்கிழமை மாலையும் நீளமானது என்பதால், ஃபோர்ட் வில்லியமுக்குத் தெற்கே அரை மணி நேரத் தொலைவில் இருக்கும் க்ளென்கோ பள்ளத்தாக்கையும் அன்றே பார்க்க முடிந்தது. 1692-ஆம் ஆண்டு விருந்தாளிகளாக வந்து தங்கியிருந்த படைவீரர்கள் மெக்டோனல்ட் குலத்தவரைக் கொன்ற இடம் அது. அந்தப் பள்ளத்தாக்கில் மேகம் இறங்கிவிட்டால் அந்தக் கதையை யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை.

ஃபோர்ட் வில்லியமிலிருந்து மாலெய்க்குக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். நாளுக்குச் சில ரயில்களே ஓடுவதால், போவதையும் திரும்புவதையும் சேர்த்துப் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும். கோடையில் சுற்றுலாப் பயணிகளுக்கென்று நீராவி ரயில் ஒன்றும் இதே பாதையில் போகிறது; கட்டணம் பல மடங்கு. சாதாரண ரயிலும் அதே தண்டவாளத்தில், அதே பாலத்தின் மேல்தான் போகிறது. போகும்போது இடதுபக்க ஜன்னல் வேண்டும். பனாவியில் கேலடோனியன் கால்வாயைச் சுழல் பாலம் ஒன்றின் மேல் கடக்கும்போது, படிக்கட்டு போல அடுக்கடுக்காக அமைந்த 8 மதகுகள் தெரியும். பிறகு க்ளென்ஃபின்னன். 21 வளைவுகள், 380 மீட்டர் நீளம், 30 மீட்டர் உயரம். உள்ளே இரும்புக் கம்பி வைக்காமல் வெறும் கான்கிரீட்டால் கட்டிய பாலம். 1901-இல் இந்தப் பாதை திறக்கப்பட்டபோது கான்கிரீட் இத்தனை பெரிய வேலைக்குப் புதியது. பாலம் நேராக இல்லாமல் வளைந்து போவதால், உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு அதன் கால்களும், முன்னால் போகும் தன் ரயிலின் பெட்டிகளும், அப்பால் ஷீல் ஏரியும் ஒரே பார்வையில் கிடைக்கின்றன. ரயில் அங்கே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. பெட்டியில் இருந்த அத்தனை பேரும் இடதுபக்கம் சாய்ந்தார்கள். அதற்கு அப்பாலும் பாதை சலிக்காது: பிரிட்டனின் மேற்குக் கோடி ரயில் நிலையமான அரிசெய்க், வெள்ளை மணல் கொண்ட மோரார் கடற்கரை, 310 மீட்டர் ஆழம் கொண்ட மோரார் ஏரி. மாலெய்க்கில் மீன் சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம். ஊரில் அதற்கு மேல் வேலையில்லை.

வெள்ளிக்கிழமை காலை, காரிலிருந்து ரயிலுக்கு மாற வேண்டிய நாள். ரயிலிலிருந்து காருக்கு மாறுவதும் காரிலிருந்து ரயிலுக்கு மாறுவதும் ஒன்றல்ல. முதலாவதில் ரயில் தாமதமானால் கார் அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்புப் போதும், வண்டி அங்கேயே நிற்கும். இரண்டாவதில் நாம் தாமதமானால் ரயில் நிற்காது. குறிப்பிட்ட ரயிலுக்கென்று வாங்கிய மலிவான அட்வான்ஸ் டிக்கெட்டும் அதோடு போய்விடும். ரயிலிலிருந்து ரயிலுக்கு மாறும் பயணத்தில், முந்தைய ரயிலின் தாமதத்தால் இணைப்பு தவறினால் அடுத்த ரயிலில் ஏற்றிக்கொள்வார்கள். சாலையில் நேர்ந்த தாமதத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. எனவே பயணத்தின் தொடக்கத்தில் ஒரு மணி நேர இடைவெளி வைத்தால், முடிவில் மூன்று மணி நேரம் வைக்க வேண்டும் என்பது என் கணக்கு.

ஃபோர்ட் வில்லியமிலிருந்து இன்வர்னஸ் வரை ஏறத்தாழ 105 கிலோமீட்டர்தான். ஆனால் அந்தச் சாலை கேலடோனியன் கால்வாயை நான்கு இடங்களில் சுழல் பாலங்களின் மேல் கடக்கிறது. அவற்றில் ஒன்று இன்வர்னஸ் ஊருக்குள்ளேயே இருக்கிறது. படகு வந்தால் சாலையை அடைத்துப் பாலத்தைத் திருப்பிவிடுவார்கள். ஃபோர்ட் அகஸ்டஸில் எங்கள் முன்னால் தடுப்பு இறங்கியது. ஒரு பாய்மரப் படகு, மேல்தளத்தில் ஒருவர் காபிக் கோப்பையோடு நிற்க, நடக்கும் வேகத்தில் நகர்ந்து போனது. சாலையின் இருபுறமும் வண்டிகள் என்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தன. ஏழு மணிக்கே புறப்பட்டிருந்ததால் எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. காரை முழுத் தொட்டியோடு ஒப்படைக்க வேண்டும். ஊருக்குள் நுழையும் முன் பங்கில் நிரப்பி, அந்த ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டோம். ஒப்படைக்கும்போதும் அதே சக்கரங்கள், அதே பம்பர் என்று மறுபடியும் படங்கள் எடுத்து, சேதம் எதுவுமில்லை என்று ஊழியரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டேன்.

எடின்பரோவுக்குப் போகும் பிற்பகல் ரயிலுக்கு, குறிப்பிட்ட வண்டிக்குக் கட்டுப்படாத டிக்கெட்டை எடுத்தோம். கொஞ்சம் கூடுதல் விலை, ஆனால் சுழல் பாலங்களைப் பற்றித் தெரிந்த பிறகு அது எனக்கு அதிகமாகத் தோன்றவில்லை. பயணம் ஏறத்தாழ மூன்றரை மணி நேரம். இன்வர்னஸை விட்டுக் கொஞ்ச நேரத்தில், 1898-இல் திறக்கப்பட்ட கலோடன் பாலத்தின் மேல் ரயில் நெய்ர்ன் ஆற்றைக் கடக்கிறது. ஸ்காட்லாந்தின் கல் வளைவுப் பாலங்களில் மிக நீளமானது அது. சில ரயில்கள் எடின்பரோவை நெருங்கும்போது 1890-இல் கட்டிய ஃபோர்த் ரயில் பாலத்தின் வழியாகப் போகின்றன. எந்த ரயில் அந்த வழியில் போகிறது என்பதை இடைநிலையங்களின் பெயரை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்: கிர்கால்டியில் நின்றால் பாலம் உண்டு, ஸ்டர்லிங் வழியாகப் போனால் இல்லை.

கார் ஓட்டத் தெரியாதவர்கள் இந்தத் திட்டத்தை விட்டுவிட வேண்டியதில்லை. இன்வர்னஸிலிருந்து கைல் ஆஃப் லொகால்ஷுக்கு ரயில் இருக்கிறது. இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல். அதுவும் மலைகளுக்கு நடுவே போய்க் கடற்கரையில் முடியும் அருமையான பாதை. நிலையத்துக்கு எதிரிலேயே ஸ்கை தீவு தெரியும்; போர்ட்ரீக்குப் பேருந்துகளும் உண்டு. தீவுக்குள் ஒரு நாள் சுற்றுலா வேனில் இடம் பிடித்துக்கொண்டால், அடுத்த நாள் அதே ஆர்மடேல் கப்பலில் கால்நடையாக ஏறி, மாலெய்க்கில் இறங்கி, வெஸ்ட் ஹைலேண்ட் ரயிலிலேயே கிளாஸ்கோ வரை போய்விடலாம். அவர்களுக்குக் காரைத் திருப்பிக் கொடுக்கும் வேலை இல்லாததால், நாங்கள் விட்டுக்கொடுத்த அந்த வட்டம் அவர்களுக்கு முழுதாகக் கிடைக்கும். கப்பல் நேரத்தையும் மாலெய்க் ரயில் நேரத்தையும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.